பென்சனோடு வேறு ஐரோப்பிய நாட்டுக்குப் போனால் மருத்துவச் செலவை யார் கட்டுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்பதுகளில் ஐரோப்பாவுக்கு வந்து இறங்கிய நம் தலைமுறை இப்போது வரிசையாகப் பென்சன் எடுக்கிறது. லண்டனில் இருப்பவர் ஸ்பெயின் வெயிலை யோசிக்கிறார், ஜேர்மனியில் இருப்பவர் பாரிஸில் இருக்கும் மகளோடு போய் இருக்கலாமா என்று பார்க்கிறார், சுவிஸ் விலைவாசியில் களைத்தவர் போர்த்துக்கல்லில் வீடு தேடுகிறார். வீட்டு விலை, வரி, பக்கத்தில் கோயில் உண்டா, எல்லாம் விசாரித்து முடித்த பிறகுதான் "அங்கே டொக்டரிடம் போனால் யார் காசு கட்டுவது?" என்ற கேள்வி வருகிறது. முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது.

கீழே உள்ள பதில்கள் ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகள், நோர்வே, ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைன், சுவிஸ், அப்புறம் தனி ஒப்பந்தங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பிரித்தானியா ஆகியவற்றுக்குப் பொருந்தும்.

நான் குடிபோகும் நாடுதானே என் மருத்துவத்தைப் பார்க்க வேண்டும்?

பார்க்கும், ஆனால் பில்லைக் கட்டுவது அது அல்ல. எந்த நாடு உங்களுக்கு அரச பென்சன் தருகிறதோ அந்த நாடுதான் பொதுவாக மருத்துவச் செலவையும் ஏற்கிறது. இது 2010 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கும் 883/2004 என்ற ஐரோப்பிய ஒழுங்குவிதி. எந்தக் கடவுச்சீட்டு, எந்த நாட்டில் சொந்த வீடு என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது.

அரச பென்சன் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கம்பனி பென்சன், தனியாரிடம் சேர்த்த பென்சன், வங்கிச் சேமிப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்த உரிமையைத் தராது. மாதம் 400 பவுண்ட் அரச பென்சன் எடுப்பவருக்கு இருக்கும் உரிமை, 3,000 பவுண்ட் தனியார் பென்சன் மட்டும் எடுப்பவருக்குக் கிடையாது.

எஸ்-1, எஸ்-1 என்கிறார்களே, அது என்ன?

"இவருடைய மருத்துவச் செலவு எங்கள் கணக்கில்" என்று பென்சன் தரும் நாடு எழுதிக் கொடுக்கும் கடதாசி. முன்பு இதற்கு ஈ-121 என்று பெயர், பழையவர்கள் இன்னும் அப்படித்தான் சொல்வார்கள். இதைக் கொண்டுபோய்ப் புதிய நாட்டின் சுகாதாரக் காப்புறுதி அலுவலகத்தில் பதிந்தால், அந்த ஊர்க்காரருக்கு என்ன சிகிச்சை என்ன விலைக்குக் கிடைக்கிறதோ அதுவே உங்களுக்கும். அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. பழைய நாட்டில் இலவசமாகக் கிடைத்த ஒரு மருந்துக்குப் புதிய நாட்டில் காசு கட்ட வேண்டுமென்றால் கட்டத்தான் வேண்டும்.

பிரித்தானியாவில் இதைத் தருவது, அரச மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்ஸின் பிஸ்னஸ் சேர்விசஸ் ஒதோரிட்டி. ஜேர்மனியில் உங்கள் மருத்துவக் காப்புறுதி நிறுவனமான கிராங்கன்காசை, பிரான்ஸில் சே-பே-ஆ-எம் என்ற மருத்துவக் காப்புறுதி அலுவலகம், நெதர்லாந்தில் சி.ஏ.கே, நோர்வேயில் ஹெல்ஃபோ. வீட்டை விற்று, பெட்டி கட்டி, அங்கே போய் இறங்கிய பிறகு விண்ணப்பிக்கலாம் என்று இருக்காதீர்கள். புறப்படும் முன்பே கேட்டு வையுங்கள். படிவம் கைக்கு வரும் வரையான இடைவெளியில்தான் ஆட்கள் வைத்தியசாலை பில்லோடு நிற்கிறார்கள்.

என்னிடம் நீல நிற ஐரோப்பிய மருத்துவ அட்டை இருக்கிறது. அது போதாதா?

போதாது. அந்த அட்டை விடுமுறைக்கோ உறவினர் வீட்டுக்கோ போகிறவருக்கு, தற்காலிகமாக நிற்கும் நாட்களில் தேவைப்படும் சிகிச்சைக்கானது. நிரந்தரமாகக் குடியேறிவிட்டு அதைக் காட்டிக்கொண்டிருப்பது சரியான பாவனை அல்ல. பிரித்தானியாவின் ஜிஹெச்ஐசி அட்டையும் அப்படித்தான். தனியார் வைத்தியசாலையில் இரண்டும் செல்லாது, நோயாளியைச் சொந்த நாட்டுக்குக் கொண்டுவரும் செலவையும் தராது.

எஸ்-1 பதிந்து ஸ்பெயினில் இருப்பவர் அங்கிருந்து இத்தாலிக்குச் சுற்றுலா போனால் அப்போது இந்த அட்டை தேவை. அதை வழங்குவது ஸ்பெயின் அல்ல, எஸ்-1 கொடுத்த நாடு.

நான் இரண்டு மூன்று நாடுகளில் வேலை செய்தேன். எந்த நாடு பொறுப்பு?

நம் ஆட்களுக்கு இதுதான் மிக முக்கியமான கேள்வி, ஏனென்றால் ஜேர்மனியில் கொஞ்சம், பிரான்ஸில் கொஞ்சம், பிறகு லண்டன் என்று மாறி மாறி உழைத்த வாழ்க்கை பலருடையது.

விதி இரண்டு படியாகப் போகிறது. நீங்கள் குடியேறும் நாடே உங்களுக்கு ஒரு பென்சன் தந்து, அங்கே மருத்துவ உரிமையும் இருந்தால் அந்த நாடுதான் பொறுப்பு. தொகை எவ்வளவு சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை. குடியேறும் நாட்டிலிருந்து பென்சன் எதுவும் இல்லையென்றால், பென்சன் தரும் நாடுகளில் எங்கே அதிக காலம் காப்புறுதியில் இருந்தீர்களோ அது பொறுப்பு.

ஜேர்மனியில் 12 வருடம், லண்டனில் 20 வருடம் உழைத்தவர் போர்த்துக்கல்லுக்குப் போனால் எஸ்-1 தர வேண்டியது பிரித்தானியா. அதே ஆள் ஜேர்மனிக்கே திரும்பிப் போனால், அங்கிருந்து பென்சன் வருவதால் ஜேர்மனிதான் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பாரிஸ் உணவகமொன்றில் 5 வருடம் பதிவோடு வேலை செய்துவிட்டு 25 வருடம் லண்டனில் இருந்தவர் பிரான்ஸில் போய்க் குடியேறி, "விடுவானேன், உழைத்த காசுதானே" என்று அந்தச் சின்னப் பிரெஞ்சுப் பென்சனையும் எடுத்தால், மருத்துவப் பொறுப்பு பிரான்ஸுக்கு மாறிவிடும். அதனால் என்ன என்று கேட்பீர்கள். பிரான்ஸில் எஸ்-1 வைத்திருப்பவரின் பென்சனில் சே-எஸ்-ஜே, சே-ஆர்-டே-எஸ் என்ற சமூகப் பிடித்தங்கள் இல்லை. பொறுப்பு பிரான்ஸுக்கு வந்தால் அந்த விலக்கு போய், லண்டன் பென்சனிலும் கை வைப்பார்கள். மாதம் 80 யூரோவுக்காக அதைவிடப் பெரிய தொகையை இழக்க நேரலாம். எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு கணக்காளரிடம் காட்டுங்கள்.

பிரெக்ஸிட்டோடு பிரித்தானியர்களுக்கு இதெல்லாம் முடிந்துவிட்டது என்கிறார்களே?

இல்லை. 2020 டிசம்பர் 31க்கு முன் குடியேறியவர்களை விலகல் ஒப்பந்தம் காக்கிறது. அதற்குப் பிறகு போகிறவர்களுக்கு வணிக ஒத்துழைப்பு ஒப்பந்தத்தில் உள்ள சமூகப் பாதுகாப்பு விதிகள் இருக்கின்றன. இரண்டிலும் அரச பென்சன்காரருக்கு எஸ்-1 உண்டு. சுவிஸோடும், நோர்வே, ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைனோடும் தனி ஒப்பந்தங்கள் இருக்கின்றன.

போனது வேறொன்று: அங்கே போய் இருப்பதற்கான உரிமை. பிரித்தானியக் கடவுச்சீட்டோடு விசா இல்லாமல் ஷெங்கன் பகுதியில் 180 நாளில் 90 நாள்தான் நிற்கலாம். அதற்கு மேல் என்றால் அந்த நாட்டின் நீண்டகால விசா, வருமானச் சான்று, மருத்துவக் காப்புறுதி என்று வரிசையில் நிற்க வேண்டும். எஸ்-1 மருத்துவத்தை மட்டும்தான் தீர்க்கும், விசாவைத் தராது.

மறுபக்கமும் இருக்கிறது. ஜேர்மனியிலோ டென்மார்க்கிலோ பென்சன் எடுத்து, லண்டனில் பிள்ளைகளோடு போய் இருக்க நினைப்பவர்கள் நிறையப் பேர். பிரித்தானியாவில் ஓய்வுபெற்றவர்களுக்கென்று விசா வகை எதுவும் இப்போது கிடையாது. ஏற்கெனவே செட்டில்ட் ஸ்டேட்டஸ் (பிரெக்ஸிட்டுக்கு முன்பே அங்கே வாழ்ந்த ஐரோப்பியருக்குத் தரப்பட்ட நிரந்தர வதிவிட உரிமை) இருப்பவர்கள், அயர்லாந்துக் குடியுரிமை உள்ளவர்கள் போன்றோருக்குத்தான் வழி இலகு. மருத்துவத்தைப் பற்றி யோசிக்க முன் அதைப் பாருங்கள்.

எனக்கு 60 வயது. வேலையை விட்டுவிட்டேன், பென்சனுக்கு இன்னும் காலம் இருக்கிறது. எனக்கு எஸ்-1 கிடைக்குமா?

பிரித்தானியாவிலிருந்து என்றால் கிடைக்காது. முன்கூட்டியே ஓய்வுபெற்றவர்களுக்குக் கொஞ்ச காலத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்த எஸ்-1ஐ 2014 ஜூலையோடு நிறுத்திவிட்டார்கள். அரச பென்சன் வயது 66, அதுவும் 2026 முதல் 2028க்குள் படிப்படியாக 67 ஆகிறது. வேறு நாடுகளில், வயது முந்தினாலும் அரச பென்சன் உண்மையில் வர ஆரம்பித்துவிட்டதா என்பதுதான் கேள்வி. வருகிறதென்றால் எஸ்-1க்கு உரிமை உண்டு.

அந்த இடைவெளி ஆண்டுகளைத் தனியார் காப்புறுதியால்தான் பெரும்பாலும் நிரப்ப வேண்டியிருக்கும். ஐரோப்பிய ஒன்றியக் கடவுச்சீட்டு இருந்தாலும், வேலை செய்யாமல் இன்னொரு நாட்டில் 3 மாதத்துக்கு மேல் இருக்கப் போதுமான வருமானமும் முழுமையான மருத்துவக் காப்புறுதியும் காட்ட வேண்டும் என்பது 2004/38 பணிப்புரை. சிக்கல் என்னவென்றால் சீனி வருத்தம், பிரஷர், இதயத்தில் ஒரு ஸ்டென்ட் என்று நம் வயதில் இருக்கும் வழக்கமான பட்டியலைப் பார்த்ததும் தனியார் கம்பனிகள் ஒன்றில் மறுக்கும், அல்லது அந்த நோய்களை மட்டும் விலக்கிவிட்டு மீதிக்குக் காப்புறுதி தரும். எதற்காகக் காப்புறுதி தேவையோ அதை விட்டுவிட்டு மீதிக்கு.

ஸ்பெயினில் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். கொன்வேனியோ எஸ்பெசியால் என்று பெயர். ஒரு வருடம் பதிவோடு அங்கே வாழ்ந்த பிறகு மாதம் 60 யூரோ, 65 வயதானவருக்கு 157 யூரோ கட்டி அரச மருத்துவத்தில் சேரலாம். பழைய நோய் இருக்கிறதென்று விலக்க மாட்டார்கள். குறை: மருந்துக் கடையில் வாங்கும் மருந்துக்கு முழு விலை. முதல் வருடத்துக்கும் தனியார் காப்புறுதி தேவைதான். இத்தாலியில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர்கள் விரும்பிச் சேர 2024இலிருந்து வருடத்துக்குக் குறைந்தது 2,000 யூரோ. என்னைக் கேட்டால், பழைய நோய் இருப்பவர் பென்சன் வயது வரும்வரை பொறுத்துப் போவது மேல். இரண்டு மூன்று வருட வெயிலுக்காக இன்சுலின் செலவோடு விளையாட வேண்டாம்.

பிரான்ஸில் எஸ்-1 பதிந்தால் எல்லாம் இலவசமா?

இல்லை. என்.எச்.எஸ் பழக்கத்தில் வருபவர்கள் முதல் மாதமே திகைக்கும் இடம் இது. குடும்ப டொக்டரைப் பார்த்தால் 30 யூரோ கட்டணம். அதில் 70 வீதம், அதாவது 21 யூரோ திரும்ப வரும், அதிலும் 2 யூரோவைப் பங்களிப்பென்று கழித்துக்கொண்டு 19 யூரோவைத்தான் வங்கியில் போடுவார்கள். மீதியைப் பார்க்கத்தான் முத்துவெல் என்ற மேலதிகக் காப்புறுதி. அதற்கு வயதோடு விலை ஏறும். கார்ட் வித்தால் என்ற பிரெஞ்சு மருத்துவக் காப்புறுதி அட்டை கைக்கு வந்த பிறகு வேலை சுலபம், வரும் வரை பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள்.

இரண்டு விஷயத்தை மறக்காதீர்கள். ஒரு டொக்டரை மெதசன் திரெத்தான், அதாவது உங்கள் பொறுப்பு டொக்டர் என்று அறிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப வருவது 30 வீதமாக இறங்கிவிடும். இன்னொன்று, இன்சுலின் எடுக்கும் அளவுக்குச் சீனி வருத்தம், புற்றுநோய், கடும் இதய நோய் போன்றவற்றை ஆ-எல்-டே என்ற நீண்டகால நோய்ப் பட்டியலில் டொக்டர் பதிந்துவிட்டால், அந்த நோய்க்கான சிகிச்சைக்கு அரச கட்டண அளவில் 100 வீதம் கிடைக்கும்.

ஸ்பெயின், போர்த்துக்கல்?

ஸ்பெயினில் முதலில் நகரசபையில் முகவரிப் பதிவு, பிறகு எஸ்-1ஐ ஐ.என்.எஸ்.எஸ் என்ற சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் பதிவு, அப்புறம் அருகிலிருக்கும் சுகாதார நிலையத்தில் அட்டை. டொக்டரும் வைத்தியசாலையும் இலவசம். மருந்துக்குப் பென்சன்காரர்கள் பெரும்பாலும் 10 வீதம் கட்டுவார்கள், அதற்கும் வருமானத்தைப் பொறுத்து மாத உச்சவரம்பு உண்டு. பல்லும் கண்ணாடியும் பெரும்பாலும் உங்கள் செலவு.

போர்த்துக்கல்லில் எஸ்-1ஐச் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு சுகாதார நிலையத்தில் உத்தென்தே என்ற மருத்துவப் பயனாளி இலக்கம் எடுக்க வேண்டும். 2022 ஜூனிலிருந்து கட்டணங்கள் பெரும்பாலும் நீக்கப்பட்டுவிட்டன, யாரும் அனுப்பாமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போவது மாதிரியான சில இடங்களில்தான் மிச்சம். ஆனால் குடும்ப டொக்டர் ஒருவரைப் பெறுவது பல இடங்களில், முக்கியமாக லிஸ்பன் பக்கமும் அல்கார்வ் பக்கமும், பாடுதான். அதனால்தான் அங்கே வசதி உள்ளவர்கள் ஒரு தனியார் காப்புறுதியும் கூட வைத்திருக்கிறார்கள்.

ஜேர்மனி, சுவிஸ் பென்சன்காரருக்கு ஏதாவது வித்தியாசம் உண்டா?

உண்டு. ஜேர்மனிய அரச காப்புறுதியில் இருப்பவர் வெளியே போனாலும் பென்சனில் காப்புறுதிப் பணம் கழிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும், அதற்குப் பதிலாகத்தான் எஸ்-1. ஜேர்மனியில் தனியார் காப்புறுதிக்கு மாறியவருக்கு எஸ்-1 கிடையாது. அவர் தன் கம்பனியிடம் வெளிநாட்டில் நிரந்தரமாக இருந்தால் என்ன தருவீர்கள் என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

சுவிஸ் பென்சன் மட்டும் எடுப்பவர் ஐரோப்பிய ஒன்றிய நாட்டுக்குப் போனால் சுவிஸ் காப்புறுதியிலேயே தொடர்ந்து இருக்க வேண்டும் என்பது பொது விதி. நாட்டுக்கு நாடு வேறுபடும் தனித் தவணைத்தொகை அதற்கு இருக்கிறது. ஜேர்மனி, பிரான்ஸ், இத்தாலி, ஆஸ்திரியா போன்ற சில நாடுகளுக்குப் போகிறவர்கள் விலக்குக் கேட்டு அந்த நாட்டுக் காப்புறுதியில் சேரலாம். அதற்கு 3 மாதம்தான் தவணை. யோசித்துக்கொண்டே இருந்து அந்தத் தவணையை விட்டவர்கள் இருக்கிறார்கள், பிறகு கெஞ்சிப் பயனில்லை.

மனைவிக்குச் சொந்தப் பென்சன் இல்லை. அவருக்கு?

உங்கள் எஸ்-1இல் தங்கிவாழும் குடும்ப உறுப்பினராகச் சேரலாம். யார் குடும்ப உறுப்பினர் என்பதைப் பெரும்பாலும் குடியேறும் நாட்டுச் சட்டம் தீர்மானிக்கிறது. அவருக்கென்று சொந்த உரிமை ஒன்று இருந்தால் அதுதான் முதலில். பலர் யோசிக்காத ஒன்று: நீங்கள் முதலில் இறந்துபோனால் உங்களோடு ஒட்டியிருந்த அவருடைய உரிமையும் நின்றுவிடும். விதவைப் பென்சன் வரும் நாடாக இருந்தால் அதை வைத்துப் புது எஸ்-1 எடுக்கலாம். பிரித்தானியாவின் புதிய அரச பென்சனில் துணைக்குப் போவது மிகக் குறைவு. ஆகவே மனைவியின் பென்சன் பதிவில் விடுபட்ட வருடங்களைப் பணம் கட்டி நிரப்ப முடிந்தால், பத்து வருடமாவது வரும்படி நிரப்பி விடுங்கள். அவருக்கென்று சொந்த எஸ்-1 கிடைக்கும்.

என்னிடம் இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டுத்தான்.

ஒன்றியத்துக்குள் சட்டபூர்வமாக வாழும் வெளிநாட்டவருக்கும் 1231/2010 ஒழுங்குவிதி இந்த மருத்துவ விதிகளை நீட்டித் தந்திருக்கிறது. டென்மார்க் மட்டும் அதில் இல்லை. அகதி அந்தஸ்து உள்ளவர்களை மூல விதியே நேரடியாகச் சேர்த்துக்கொள்கிறது. சுவிஸில் கதை வேறு: அகதி அந்தஸ்தும் இல்லாமல் இலங்கைக் குடியுரிமையோடு மட்டும் இருப்பவருக்கு ஒன்றியத்தோடான ஒப்பந்தம் பொருந்தாது. எதுவானாலும் இன்னொரு நாட்டில் போய் வசிக்கும் உரிமை தனி. வயதான காலத்தில் நாடு மாறும் எண்ணம் இருந்தால், குடியுரிமை எடுக்கத் தகுதி உள்ளவர்கள் புறப்படும் முன்பே எடுத்துவிடுவது நல்லது.

போன இடத்தில் ஒரு கடையில் பகுதிநேரமாக வேலை செய்யலாமா?

செய்யலாம். ஆனால் பதிவோடு வேலை தொடங்கினால் அந்த நாடே உங்கள் காப்புறுதிக்குப் பொறுப்பாகிவிடும், எஸ்-1 செயலிழக்கும். இரு பக்கமும் அறிவியுங்கள்.

பழைய டொக்டரிடம் ஒரு சத்திரசிகிச்சைக்கு வந்து போகலாமா?

எஸ்-1 தந்த நாடு எது என்பதைப் பொறுத்தது. ஜேர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து, பெல்ஜியம், ஆஸ்திரியா, ஸ்பெயின், சுவீடன் உள்ளிட்ட நாடுகள் தங்கள் பென்சன்காரர் திரும்பி வந்து சிகிச்சை பெற முழு உரிமை தருகின்றன. இத்தாலி அந்தப் பட்டியலில் இல்லை. பிரித்தானிய எஸ்-1 உள்ளவர், 2020 டிசம்பர் 31க்கு முன் குடியேறியவரென்றால், இங்கிலாந்துக்கு வரும்போது என்.எச்.எஸ் பொதுவாக இலவசம்தான், காத்திருக்கும் வரிசை உங்களுக்கும் அதே வரிசை. அதற்குப் பிறகு போனவர்கள் வருவதற்கு முன் கேட்டுப் பாருங்கள்.

படுக்கையில் விழுந்தால் பராமரிப்பு?

இதைத்தான் எல்லோரும் கடைசியில் கேட்கிறார்கள், இங்கேதான் எஸ்-1 மிகவும் மெலிந்து போகிறது. அது டொக்டர், வைத்தியசாலை, மருந்துக்கானது. குளிப்பாட்ட ஆள் வருவது, முதியோர் இல்லத்தின் மாதக் கட்டணம் போன்றவை நாட்டுக்கு நாடு வேறு சட்டத்தின் கீழ் வருகின்றன. ஸ்பெயின், போர்த்துக்கல் போன்ற தெற்கு நாடுகளில் அந்தச் சுமையைக் குடும்பம் தாங்கும் என்ற எண்ணத்தோடே பல ஏற்பாடுகள் இருக்கின்றன. உங்கள் குடும்பமோ லண்டனிலும் ஸ்டுட்கார்ட்டிலும் இருக்கும்.

ஜேர்மனியில் காப்புறுதி செய்தவருக்கு ஒரு வசதி: ஃப்ளேகெகெல்ட் என்ற பராமரிப்புப் பணத்தை ஒன்றிய நாடுகளுக்குள் எங்கு வாழ்ந்தாலும் பெறலாம். எவ்வளவு உதவி தேவை என்பதைப் பொறுத்துத் தரம் பிரிப்பார்கள், 2025 நிலவரப்படி பராமரிப்புத் தரம் 2க்கு மாதம் 347 யூரோ, தரம் 3க்கு 599, தரம் 5க்கு 990. ஆனால் ஜேர்மனிக்குள் கிடைக்கும் நேரடிப் பராமரிப்புச் சேவைக்கான பெரிய தொகைகள் எல்லை தாண்டி வராது. வீடு வாங்கும் முன் அந்த ஊரில் முதியோர் இல்லம் ஒன்றுக்கு நேரே போய் மாதக் கட்டணத்தைக் கேட்டுப் பாருங்கள். கடற்கரை தூரத்தை அளப்பதைவிட அது உபயோகமான வேலை.

வருடத்தில் பாதி யாழ்ப்பாணத்தில் இருக்கலாம் என்று நினைக்கிறோம். இதெல்லாம் அங்கே செல்லுமா?

செல்லாது. எஸ்-1உம் நீல அட்டையும் ஐரோப்பாவுக்குள் மட்டும்தான். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பயணக் காப்புறுதி எடுக்க வேண்டும், 70, 75க்கு மேல் அதன் விலை வேகமாக ஏறும், பழைய நோய்களை மறைத்து எடுத்தால் தேவைப்படும் நேரத்தில் தர மாட்டார்கள். மாதக்கணக்கில் வெளியே நின்றால் "உங்கள் வாழ்க்கையின் மையம் எங்கே?" என்று காப்புறுதி அலுவலகம் கேட்கலாம், அந்த நாட்டு வசிப்பிடம் இல்லையென்று முடிவெடுத்தால் எஸ்-1 பதிவும் கேள்விக்குறி. பென்சன் அலுவலகம் அனுப்பும் "உயிரோடு இருக்கிறீர்களா" சான்றுக் கடிதம் நீங்கள் ஊரில் நிற்கும்போது பூட்டிய வீட்டுத் தபால்பெட்டியில் கிடந்தால் பென்சனே நின்றுவிடும், ஆகவே அதைத் திறந்து பார்க்க ஒருவரிடம் சாவி கொடுத்துவிட்டுப் போங்கள்.

முழுதாகவே ஊருக்குத் திரும்பும் பிரெஞ்சுப் பென்சன்காரர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் பிரான்ஸுக்கு வந்து நிற்கும் நாட்களில் மருத்துவச் செலவைப் பெற, 2019 ஜூலையிலிருந்து பொதுவாக 15 வருடப் பிரெஞ்சுக் காப்புறுதிக் காலம் கேட்கிறார்கள். 14 வருடத்தில் நிற்பவர் விமானச் சீட்டை ஒரு வருடம் தள்ளிப் போட முடிந்தால் போடட்டும்.